மகளுக்குக் கண்ணகி என்று பெயர் வைக்கலாமா?

காப்பியம், சங்கப் பாட்டு, தொடர்கதை... பெண் குழந்தைக்கு இலக்கியத்திலிருந்து பெயர் தேடும் பெற்றோருக்காக ஒரு சிறப்பு அலசல்

பெண் குழந்தை பிறந்த வீட்டில் முதல் வாரம் தூக்கம் போகும். இரண்டாவது வாரம் பெயர்ச் சண்டை தொடங்கும். பாட்டி குலசாமி பெயரைச் சொல்வார். தாத்தா பஞ்சாங்கத்தைப் புரட்டி நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தைக் காட்டுவார். சித்தப்பா நியூமராலஜி கூட்டிப் பார்ப்பார். குழந்தையின் அம்மா கைப்பேசியில் சேர்த்து வைத்த பட்டியலில் பாதிப் பெயர்களில் ‘ஷ’ இருக்கும். என்ன பொருள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இந்தச் சந்தடிக்கு நடுவே யாராவது ஒருவர், பொன்னியின் செல்வனை மூன்று தடவை முடித்த அப்பாவாகவோ தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியம்மாவாகவோ இருக்கலாம், ‘மணிமேகலைன்னு வெச்சா என்ன?’ என்று கேட்பார்.

உடனே வரிசையாக வரும் பதில்கள். பழைய காலத்துப் பெயராச்சே. ரொம்ப நீளமாச்சே. ஸ்கூலில் கிண்டல் பண்ணுவாங்களே. கடைசியில், குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘அந்தப் பொண்ணு சாமியாரா இல்ல போயிட்டா?’

இந்தக் கேள்விகளைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். ஒரு பெயர் எழுபது, எண்பது வருடம் ஒரு பெண்ணோடு கூட வரப்போகிறது. அதை வைப்பவர்கள் நாலு பக்கமும் யோசிப்பதுதான் முறை. ஆனால் யோசிக்கும்போது ஒரே தராசை எல்லாப் பெயருக்கும் பிடிக்கிறோமா என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காப்பியத்துக்குள் ஒரு பெயர்சூட்டு விழா

இலக்கியத்திலிருந்து பெயர் எடுப்பதைப் பற்றிப் பேசுமுன், நம் இலக்கியத்துக்குள்ளேயே பெயர் வைத்த கதைகள் இருப்பதைப் பார்த்துவிடலாம்.

சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே கோவலனைச் சந்திக்கும் மாடலன் என்ற மறையவன், கோவலனின் பழைய வாழ்வை நினைவுபடுத்துகிறான். அதில் ஒரு சம்பவம், மாதவிக்குப் பெண் பிறந்தபோது நடந்த பெயர்சூட்டு விழா. என்ன பெயர் வைக்கலாம் என்று வீட்டில் மூத்த கணிகையர் கூடிப் பேசுகிறார்கள். கோவலன் தன் குலத்துக்கு ஒரு கடன் இருப்பதைச் சொல்கிறான். அவன் முன்னோன் ஒருவன் கப்பல் உடைந்து கடலில் தத்தளித்தபோது காப்பாற்றிய கடல் தெய்வம் மணிமேகலா. அந்தத் தெய்வத்தின் பெயரையே குழந்தைக்கு வைக்கச் சொல்கிறான். விழாவில் வந்தவர்களுக்கெல்லாம் பொன் வாரி வழங்குகிறார்கள். தானம் வாங்க வந்த ஒரு கிழவரை மதயானை பிடித்துவிட, கோவலன் பாய்ந்து மீட்டதும் அன்றைக்குத்தான்.

ஆக, இன்று ‘இலக்கியப் பெயர்’ என்று நாம் தனியாக எடுத்து வைக்கும் மணிமேகலை, வைக்கப்பட்ட நாளில் ஒரு குலசாமிப் பெயர். உங்கள் வீட்டுப் பாட்டி சொல்வதும் கோவலன் சொன்னதும் ஒரே நியாயம்தான். அந்தக் கடல் தெய்வம் நம்மோடு நிற்கவும் இல்லை. தாய்லாந்திலும் கம்போடியாவிலும் மேகலா என்ற பெயரோடு இடி மின்னல் கதைகளில் வாழ்கிறாள். பசிபிக் கடலில் எழும் புயல்களுக்காகத் தாய்லாந்து கொடுத்த பெயர்களில் அவள் பெயரும் உண்டு.

இரண்டாவது கதை பெரியபுராணத்தில். காரைக்கால் அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. மாங்கனி அதிசயத்தைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன், கப்பலேறிப் போய்விட்டுப் பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணக்கிறான். அங்கே பிறந்த மகளுக்கு அவன் வைத்த பெயர் புனிதவதி. பிரிந்து வந்த மனைவியின் பெயரை, அவள் வாழ்வில் நடந்தது அத்தனையும் தெரிந்தே, மகளுக்கு வைத்தான். அந்தப் பெண்ணின் துயரம் மகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவன் நினைக்கவில்லை. அவளுடைய பெருமை வந்து சேரட்டும் என்றே நினைத்தான்.

மூன்றாவது கதை கற்பனையும் இல்லை, புராணமும் இல்லை, வரலாறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தான் கொடுத்தவற்றை அடுத்துத் தன் அக்கன் கொடுத்தவற்றையும் வெட்டச் சொன்னவன் ராஜராஜன். அந்த அக்கா குந்தவை. தன் மகளுக்கும் அவன் குந்தவை என்றே பெயர் வைத்தான். அத்தையின் பெயரைச் சுமந்த அந்த இளைய குந்தவை வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்து, ராஜராஜ நரேந்திரனின் தாயானாள்.

கண்ணகிக்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கம்?

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருவோம். தமிழ் இலக்கியத்தில் மிகவும் தெரிந்த பெண் பெயர் கண்ணகி. பெற்றோர் மிகவும் தயங்கும் பெயரும் அதுதான். காரணம் கேட்டால், ‘அவ பட்ட பாடு நம்ம பொண்ணுக்கு எதுக்கு?’ என்பார்கள்.

பன்னிரண்டு வயதில் கல்யாணம். கணவன் வேறொருத்தியோடு போய்விட்டான். சொத்தெல்லாம் கரைந்தது. ஊர்விட்டு ஊர் வந்த இடத்தில் அவனைக் கள்வன் என்று கொன்றார்கள். ஊரை எரித்த சில நாட்களில் அவள் வாழ்வும் முடிந்தது. பட்டியல் போட்டால் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதே பயம் மற்ற பெயர்களிடம் வருவதில்லை. ஆதிரை என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னது, இனியது, இன்றைய இளம் பெற்றோர் விரும்பி வைப்பது. மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் அவள். அவளுடைய கணவன் சாதுவனும் கணிகை வீட்டுக்குப் போனவன்தான், பொருளைத் தொலைத்தவன்தான். கப்பல் கவிழ்ந்து அவன் இறந்தான் என்று கேட்டு ஆதிரை தீக்குழியில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை, கணவனும் உயிரோடு திரும்புகிறான் என்பதால் கதை நல்லபடியாக முடிகிறது. மற்றபடி முன்பாதி கண்ணகி கதைதான். தமயந்தியை நள்ளிரவில் காட்டில் விட்டுவிட்டுப் போனான் நளன். சகுந்தலையை அடையாளமே தெரியவில்லை என்றான் துஷ்யந்தன். பாரதி தன் இளைய மகளுக்குச் சகுந்தலா என்று பெயர் வைத்தார். சீதா என்ற பெயர் நம் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. சீதை சிறையிருந்ததும் தீக்குளித்ததும் எல்லோருக்கும் தெரியும்.

மாதவியைப் பாருங்கள். அதே சிலப்பதிகாரத்துப் பெண். கோவலன் யாரிடம் போனானோ அவள். மாதவி என்று பெயர் வைக்க யாரும் யோசிப்பதே இல்லை. பொன்னியின் செல்வனின் நந்தினி பழிவாங்க வந்தவள். அந்த நாவலைக் கரைத்துக் குடித்த வீடுகளிலும் நந்தினிகள் இருக்கிறார்கள்.

அப்படியானால் தடை, கண்ணகி பட்ட துன்பம் அல்ல. அந்தப் பெயரை நாம் தெருவில் என்னவாக ஆக்கி வைத்திருக்கிறோம் என்பதுதான். ‘நீ என்ன பெரிய கண்ணகியா?’ என்று ஒரு பெண்ணை மட்டம்தட்டுவது நம் பேச்சில் சர்வசாதாரணம். கற்புக்கரசி என்ற ஒற்றைப் பட்டத்தை ஏற்றி ஏற்றி, கடைசியில் அதையே ஏச்சாக்கிவிட்டோம். மேடையில் பீடத்தில் நிறுத்துவது, தெருவில் குத்திக்காட்டுவது என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு சாதாரணச் சிறுமி அந்தப் பெயரோடு பள்ளிக்கூடம் போக வேண்டும். பெற்றோரின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான்.

இந்தப் பீடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1892-இல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவந்தார். அதற்கு முன்பும் கோவலன் கதை ஊர்ப்புறங்களில் பாட்டாகவும் கூத்தாகவும் உலவியது; அந்தக் கதைப்பாட்டில் கண்ணகி காளியின் அவதாரம். இருபதாம் நூற்றாண்டில் அவள் அரசியல் மேடைக்கு வந்தாள். ம.பொ. சிவஞானம் ஊர் ஊராகச் சிலப்பதிகார விழா நடத்தி, சிலம்புச் செல்வர் ஆனார். பெரியாரோ அந்தக் காப்பியத்தையும் அது போற்றும் கற்பையும் கடுமையாகச் சாடினார். 1942-இல் கண்ணாம்பா, 1964-இல் விஜயகுமாரி என்று திரையில் இரண்டு கண்ணகிகள். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் சிலை எழுந்தது. 2001 டிசம்பரில் அது அகற்றப்பட்டுப் பெரும் சர்ச்சையாகி, 2006 ஜூனில் மறுபடி நிறுவப்பட்டது. ஒரு காப்பியப் பாத்திரத்தின் சிலைக்காக இவ்வளவு சண்டை போட்ட ஊரில், அவள் பெயரைக் குழந்தைக்கு வைக்கத் தயங்குகிறோம்.

தயங்காதவர்களும் உண்டு. ம.பொ.சி. தன் பெண்களுக்கு வைத்த பெயர்கள் கண்ணகி, மாதவி. கோவலன் மனைவியின் பெயர் ஒரு மகளுக்கு, மற்றவளின் பெயர் இன்னொரு மகளுக்கு! சிலப்பதிகாரத்தை அவரளவுக்குப் படித்தவர்கள் குறைவு. படித்தவருக்கு அந்த இருவருமே மகள்களாகத் தெரிந்தார்கள்.

இலங்கையின் கிழக்குக் கரைக்குப் போனால் இந்தப் பெயரின் தொனியே வேறு. மட்டக்களப்புப் பக்கத்தில் அவள் கண்ணகை அம்மன். வைகாசியில் சடங்கு நடக்கும், திருக்குளிர்த்தி பாடுவார்கள். மழைக்கும் நோய் நீங்கவும் வேண்டிக்கொள்கிற தாய் அவள். வன்னியில் வற்றாப்பளைக் கோயிலுக்கு மக்கள் திரள்கிறார்கள். சிங்களவர் அவளைப் பத்தினி தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். அங்கே இந்தப் பெயரைக் கேட்டதும் எரிந்த மதுரை முதலில் நினைவுக்கு வராது, காவல்தான் வரும். ஒரே பெயர், ஒரே கதை, ஆனாலும் ஊர் அதற்கு ஏற்றும் அர்த்தம் வேறு. பெயருக்கு என்ன வாசனை இருக்க வேண்டும் என்பதை வைத்துக்கொள்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

கண்ணகி என்று வைக்க நினைப்பவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. கணவன் செத்த செய்தி கேட்டு அவள் அரசவைக்குத் தனியாக நடந்தாள். வாயில்காவலனைத் தாண்டி, அரசன் முகத்துக்கு நேரே வழக்குரைத்தாள். கோவலனிடமிருந்து பறித்து அரசன் முன்வைத்த சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். தீர்ப்புத் தவறு என்று அரசனே ஒப்புக்கொண்டான். உங்கள் மகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய பகுதி இதுதான். அதைச் சொல்லி வளர்க்க முடியும் என்றால் தாராளமாக வையுங்கள்.

தொடர்கதை வைத்த பெயர்கள்

காப்பியத்துக்குப் போகாமலே இலக்கியப் பெயர் வைத்த தலைமுறை ஒன்று நமக்கு உண்டு. அவர்களுக்கு வாராவாரம் பெயர் கொண்டுவந்தது பத்திரிகை.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் பொன்னியின் செல்வன் வந்தது. குந்தவை, வானதி, பூங்குழலி, நந்தினி, மணிமேகலை என்று ஒரே நாவலில் ஐந்து பெயர்கள் தமிழ் வீடுகளுக்குள் வந்தன. இதில் கோடிக்கரைப் படகுக்காரி பூங்குழலி முழுக்கவும் கல்கியின் கற்பனை. கல்வெட்டில் தேடினால் கிடைக்க மாட்டாள். 2022-இலும் 2023-இலும் மணிரத்னம் இரண்டு பாகப் படமாக எடுத்தபோது, படிக்காதவர்களும் இந்தப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்கள். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ வந்த காலத்தில் அரவிந்தன், பூரணி என்று குழந்தைகளுக்குப் பெயர் வைத்த வாசகர்கள் ஏராளம். இன்று அறுபதைத் தொடும் பூரணிகள் பலர், அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் நினைவாக இருக்கக்கூடும்.

தொடர்கதைப் பெயரில் ஒரு வசதி: கதை இந்தக் காலத்துத் தமிழில் இருக்கிறது. பெண் பதினைந்து வயதில் தானே எடுத்துப் படித்து, ‘என் பெயர் இங்கேதான் இருக்கிறது’ என்று தெரிந்துகொள்ளலாம். காப்பியப் பெயருக்கு உரை வேண்டும், ஆசிரியர் வேண்டும்.

சங்கடமும் இருக்கிறது. குந்தவை கம்பீரமான பெயர். திண்டிவனம் பக்கம் தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணத்துக்கும் தனித்தனியே கோயில் எடுத்தவள் அந்தப் பெருமாட்டி. தஞ்சையில் அரசு மகளிர் கல்லூரியே அவள் பெயரில் இருக்கிறது. ஆனால் மூன்றாம் வகுப்பில் பெஞ்சுக்குப் பெஞ்சு ‘குந்து’ என்று கூப்பிடுவார்கள். அதற்குத் தயாராக இருங்கள். எந்தப் பெயரையும் கிண்டல் செய்ய வழி கண்டுபிடிப்பார்கள் பிள்ளைகள். ஷகரப் பெயர்களுக்கும் விலக்கில்லை.

ஒரு படம் போதும்

பள்ளிக்கூடக் கிண்டலைவிடப் பெரிய ஆபத்து சினிமா. பாரியின் மகளிர் இருவரும் தந்தையையும் மலையையும் ஒரே போரில் இழந்தவர்கள். சென்ற மாத நிலவொளியையும் இந்த மாத நிலவொளியையும் ஒப்பிட்டு அவர்கள் பாடிய சின்னஞ்சிறு பாட்டு புறநானூற்றில் 112-ஆவது. தமிழில் இழப்பைப் பற்றி அதைவிடக் குறைந்த சொற்களில் யாரும் எழுதியதில்லை. சங்க நூலில் அந்தப் பெண்களுக்குப் பெயர் இல்லை. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால மரபு கொடுத்தவை. கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு சிற்றரசனிடமாகப் போய், மணம் செய்துகொள்ளச் சொல்லிக் கேட்டார், மறுத்தார்கள்.

2007-இல் வந்த ‘சிவாஜி’ படத்தில் அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்களைக் கறுப்பு மை பூசி நிறுத்தி, கதாநாயகன் கண்டு ஓடுவதாகக் காமெடி எழுதினார்கள். தமிழறிஞர்களும் வாசகர்களும் வருந்தினார்கள். ஆனால் படம் ஓடியது, சிரிப்பும் ஓடியது. ஈராயிரம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் மேல் ஒட்டிய பெயரை வெறும் சிரிப்பாக மாற்ற ஒரு படம் போதும். கறுப்பு நிறத்தையும் வரன் அமையாததையும் சேர்த்துக் கேலி செய்த அந்தக் காட்சிக்குப் பிறகு, எந்தத் தாய்க்கு அந்தப் பெயரை வைக்க மனசு வரும்?

ஔவைக்கு நடந்தது இன்னொரு விதம். 1953-இல் ஜெமினி தயாரித்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் கோலூன்றி நடந்து வந்ததும், ஔவை என்றால் நரைத்த தலை, திருநீறு என்று ஒரே உருவம் நிலைத்துவிட்டது. புறநானூற்று ஔவை அப்படி இல்லை. அதியமானின் அவையில் கள்ளும் சோறும் பகிர்ந்து உண்டவர். தொண்டைமானிடம் தூது போய், அவன் காட்டிய பளபளப்பான படைக்கலங்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்து பேசியவர். அரும்பாடுபட்டுக் கிடைத்த நெல்லிக்கனியை அதியமான் தான் தின்னாமல் அவருக்குக் கொடுத்தான் என்றால், அந்த நட்பின் உயரம் தெரியும். பல காலங்களில் பல ஔவைகள் இருந்தார்கள். நாம் கடைசிப் பாட்டியை மட்டும் வைத்துக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால், பெண் குழந்தைக்கு வைக்கத் தயங்கும் இந்தப் பெயரை ஆண்கள் பெருமையோடு முன்னால் போட்டுக்கொண்டார்கள்: ஔவை வேடத்தில் புகழ்பெற்ற அவ்வை தி.க. சண்முகம், உரையாசிரியர் ஔவை துரைசாமிப் பிள்ளை.

ஈழத்துக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தி தயங்கவில்லை. மகளுக்கு ஔவை என்றே பெயர் வைத்தார். அந்தப் பெண் வளர்ந்து கவிஞரானார். ‘எல்லை கடத்தல்’ அவருடைய தொகுப்பு. கோலும் இல்லை, கிழவியும் இல்லை; போரையும் பெண் வாழ்வையும் எழுதிய ஓர் இக்காலக் குரல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

பாத்திரமா, பாடியவளா?

இதுவரை சொன்னதில் ஔவையும் பாரி மகளிரும் வேறு ரகம். கண்ணகி, மணிமேகலை, ஆதிரை, பூங்குழலி எல்லோரும் ஓர் ஆண் எழுதிய பாத்திரங்கள். இளங்கோவும் சாத்தனாரும் கல்கியும் அவர்களுக்கு விதி எழுதினார்கள். அந்தப் பெயரை எடுக்கும்போது அந்த விதியையும் எடுக்கிறோமோ என்ற பயம் அதனால்தான் வருகிறது. ஆனால் பாடியவளின் பெயரை எடுத்தால்? அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதைவிட, அவள் என்ன சொன்னாள் என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

இந்த வசதி தமிழுக்கு அபூர்வமாக வாய்த்திருக்கிறது. சங்க இலக்கியத்தில் பெயர் தெரிந்த பெண் புலவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர். அந்தப் பெயர்களை நாம் தமிழ்த் தேர்வில் பொருத்துக பகுதிக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு மூடி வைத்துவிட்டோம்.

இளவெயினி என்று ஒரு பெயர். யாழினி, தமிழினி, மகிழினி என்று ‘இனி’யில் முடியும் பெயர் தேடும் இன்றைய பெற்றோருக்குச் சொல்லிவைத்தாற்போல் பொருந்தும். குறமகள் இளவெயினி தன் மலைத்தலைவன் ஏறைக்கோனைப் பாடியவள். நன்முல்லை என்று ஒரு பெயர். அள்ளூர் நன்முல்லையார் அகப்பாட்டுகள் பாடியவர். நேற்று யாரோ புதிதாக யோசித்து வைத்ததுபோல் இருக்கிறது. நச்செள்ளை என்று ஒரு பெயர்; காகம் கரைந்ததைப் பாடியதால் காக்கைபாடினி என்று சிறப்புப் பெற்றவள், பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தைப் பாடியவள். வீட்டில் செள்ளை என்று கூப்பிடலாம். வெள்ளிவீதி தன் பிரிவுத் துயரைத் தானே பாடியவள். இன்னொரு பெண் புலவரான ஔவையே தன் பாட்டில் அவளைக் குறிப்பிடுகிறாள். உறையூர் வணிகன் மகள் நக்கண்ணை, மற்போர் புரிந்த சோழ இளவலிடம் தனக்கிருந்த காதலைக் கூச்சமில்லாமல் பாட்டில் சொன்னாள். ஒக்கூர் மாசாத்தி, தந்தையையும் கணவனையும் போரில் இழந்தும் ஒற்றை மகனைக் களத்துக்கு அனுப்பும் தாயைப் பாடினாள். வெண்ணிப் போர்க்களத்தில் வென்றவன் கரிகாலன். அந்த ஊர்க் குயவர் குலப் பெண்ணான வெண்ணிக் குயத்தியோ கரிகாலன் முகத்துக்கு நேரே, தோற்று வடக்கிருந்த சேரன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டாள். ஒரு புலவருக்கு இதைவிட என்ன துணிச்சல் வேண்டும்?

‘ஆர்’ என்ற மரியாதை விகுதியை எடுத்துவிட்டால் இந்தப் பெயர்களில் பாதி இன்றைக்கும் கூப்பிடத் தோதானவை.

சங்கத்துக்குப் பின்னே வந்தால் கோதை. பெரியாழ்வார் துளசி வனத்தில் கண்டெடுத்த குழந்தைக்கு வைத்த பெயர். ஆண்டாள் என்ற பட்டப்பெயரை ஊரறியும். கோதை வீட்டுப் பெயர். திருப்பாவை 30 பாசுரம், நாச்சியார் திருமொழி 143 பாசுரம் எழுதியவள். இரண்டே எழுத்து, ழகரச் சிக்கல் இல்லை, தெலுங்கிலும் கோதா என்று தெரியும். நூற்றைத் தாண்டி நாவல்கள் எழுதி ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) இந்தப் பெயரை இருபதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். அதேபோல் அப்பரின் தமக்கை பெயரான திலகவதி, தமிழ்நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியாகவும் சாகித்ய அகாடமி விருது பெற்ற எழுத்தாளராகவும் நமக்குத் தெரிந்த பெயர்.

கூப்பிட்டுப் பாருங்கள், எழுதிப் பாருங்கள்

பெயரை மனசுக்குள் ரசிப்பது வேறு. மாடியிலிருந்து தெருவுக்குக் கூப்பிடுவது வேறு. நீளமான பெயர் என்றால் வீட்டில் எப்படிச் சுருங்கும் என்பதை இப்போதே சொல்லிப் பாருங்கள். மணிமேகலை, மணி ஆகலாம், மேகலா ஆகலாம். பூங்குழலி, குழலி ஆகும். ஆதிரையைச் சுருக்கத் தேவையே இல்லை. நீங்கள் விரும்பாத சுருக்கம் ஒன்று வருமென்றால், அதுதான் வரும்.

ழகரம் அடுத்தது. பூங்குழலி, யாழினி போன்ற பெயர்களைத் தமிழ்நாட்டில் ஆங்கிலத்தில் எழுதும்போது இசட், எச் சேர்த்து எழுதுகிறோம். இலங்கைத் தமிழர்கள் பெரும்பாலும் எல் போடுகிறார்கள். டெல்லியிலோ லண்டனிலோ இசட்டைப் பார்த்து ஜகரமாகப் படிப்பார்கள். எதை எடுத்தாலும் ஒரு நஷ்டம் உண்டு. உங்கள் வழியைத் தேர்ந்துகொண்டு எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் நில்லுங்கள். நியூமராலஜிக்காக நடுவில் கூடுதலாக ஓர் ஆங்கில எழுத்தைச் செருகினால், வருடக்கணக்கில் அலைவது குழந்தைதான்.

நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்களுக்கும் இலக்கியத்தில் இடமுண்டு. மகத்துக்கு உரிய ம, மி, மு, மெ வரிசையில் மணிமேகலையும் மாதவியும் அடங்கிவிடுவார்கள். திருவாதிரைக்குக் ‘கு’ உண்டு, குந்தவை பொருந்தும். திருவாதிரையில் பிறந்தவளுக்கு ஆதிரையைவிட நேரடியாக என்ன பெயர் கிடைக்கும்? பாட்டியும் தாத்தாவும் குழந்தையின் அப்பாவும் ஒரே பெயரில் சமாதானமாகலாம்.

அவசரப்படவும் வேண்டாம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் அப்போதே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெயரில்லாமல் பதிவு செய்த குழந்தைக்கு 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பின்னும் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை வழி உண்டு. ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் என்று எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். அதில் ஏறும் எழுத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு முறை சரிபார்த்துக் கொடுங்கள். பின்னால் மாற்ற வேண்டுமென்றால் அரசிதழ் அறிவிப்பு வரை போக வேண்டியிருக்கும்.

நம் தீர்ப்பு

இலக்கியப் பெயர் பழசு என்பது காரணமே இல்லை. நன்முல்லையைவிடப் புதிதாக ஒலிக்கும் பெயரைச் செயலிகள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. துயரக் கதை என்பதும் காரணமில்லை. அந்தத் தராசைப் பிடித்தால் சீதாவும் சகுந்தலாவும் தமயந்தியும் மிஞ்ச மாட்டார்கள். உண்மையில் தவிர்க்க வேண்டியது, வைக்கிறவர்களே படித்திராத பெயரை. பிள்ளை ஒருநாள் ‘நான் யாரும்மா?’ என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

பாத்திரத்தின் பெயரா, பாடியவளின் பெயரா என்று கேட்டால் நம் ஓட்டுப் பாடியவளுக்கே. இளவெயினி, நன்முல்லை, நச்செள்ளை, கோதை, ஔவை என்று இத்தனை பெயர்கள் சும்மா கிடக்கின்றன. கண்ணகிதான் மனசில் நிற்கிறாள் என்றால் கண்ணகியையே வையுங்கள், அவள் தாங்குவாள். எந்தப் பெயரானாலும் பதிவு அலுவலகத்துக்குப் போகும் முன் ஒரு மாலைநேரம் ஒதுக்கி, அந்தப் பெண் வரும் காதையை அல்லது அவள் எழுதிய பாட்டை, உரையோடு ஒருமுறை வீட்டில் எல்லோருமாகப் படித்துவிடுங்கள். படித்த பிறகும் அந்தப் பெயர் பிடித்திருந்தால், அதுதான் உங்கள் மகளின் பெயர்.